நீச்சல் குளத்துக்கு எத்தனை ஹெச்.பி. பம்ப்?

இந்தக் கேள்வியே தப்பு, நண்பர்களே! மணிக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு ஹெட் என்றுதான் முதலில் கேட்கணும்.

25 மீ நீளம், 10 மீ அகலம், சராசரி 1.5 மீ ஆழம் என்றால் 375 கன மீட்டர் தண்ணீர். அது முழுவதும் 6 மணி நேரத்தில் ஃபில்டர் வழியே சுற்றி வர, மணிக்கு 62.5 கன மீட்டர் வேணும். ஃபில்டரில் அழுக்கு சேர்ந்தால் கூடும் ஹெட்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, பம்ப் கர்வில் அந்தப் புள்ளி உச்சத் திறனுக்குப் பக்கத்தில் விழுதான்னு பாருங்க.

‘எதுக்கும் இருக்கட்டும்’னு பெரிய பம்ப் போட்டால், தண்ணீர் வேகமாகப் பாய்ந்து மணல் ஃபில்டரில் அழுக்கு சரியாகத் தங்காது. குளத்தின் அடியில் உறிஞ்சும் வாய் ஒன்றே ஒன்று இருந்தால், குளிக்கும் குழந்தையையே இழுத்துப் பிடித்துவிடும். அமெரிக்கா 2007-ல் பாதுகாப்பு மூடியைச் சட்டமாக்கியதே இதனால்தான். வாய்கள் இரண்டு வையுங்க, தள்ளித் தள்ளி.