திருப்பருத்திக்குன்றம் விதான ஓவியங்கள்: முக்கியக் குறிப்புகள்

இடம்
• திருப்பருத்திக்குன்றம்: காஞ்சிபுரத்தின் தென்மேற்கே, வேகவதிக் கரை. வேறு பெயர்: சினகாஞ்சி.
• மரபு வழி நான்கு காஞ்சிகள்: சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி, சினகாஞ்சி, புத்தகாஞ்சி.
• இரு சமணக் கோயில்கள்: சந்திரப்பிரபர் கோயில் (பல்லவர் காலம்), திரைலோக்கியநாதர் கோயில், அதாவது வர்த்தமானர் கோயில்.
• ஓவியங்கள் இருப்பது: திரைலோக்கியநாதர் கோயில், முகமண்டபம் மற்றும் சங்கீத மண்டப விதானம்.
• விதானம்: மண்டபக் கூரையின் உட்பரப்பு.

கொடையாளர்
• சங்கீத மண்டபம் எழுப்பியவர்: இருகப்பர், விஜயநகரத் தண்டநாயகர். ஆண்டு: 1387.
• தந்தை: பைசப்பர். குரு: புஷ்பசேனர். மண்டபம் எழுந்தது குருவின் அறிவுரைப்படி.
• கால அரசர்: இரண்டாம் அரிகரர்.
• இருகப்பரின் நூல்: நானார்த்தரத்னமாலை, வடமொழி நிகண்டு.
• அவர் கட்டிய கோயில்: ஹம்பியில் குந்துநாதர் கோயில், இன்று கணகித்தி கோயில் எனப் பெயர்.
• 1387: மண்டபத்தின் ஆண்டு மட்டுமே. ஓவிய ஆண்டாகக் கொள்வது பிழை.
• ஓவிய அடுக்குகள்: ஒன்றின்மேல் ஒன்று. அடி அடுக்கு 14-ஆம் நூற்றாண்டின் இறுதி. மேல் அடுக்கு பெரும்பாலும் 16, 17-ஆம் நூற்றாண்டு. பிற்கால மறுபூச்சும் உண்டு.

ஓவியத்தில் உள்ள கதைகள்
• அமைப்பு: நீண்ட பட்டைகள், பட்டைக்குள் அடுத்தடுத்த காட்சிகள், காட்சிக்கு விளக்க எழுத்து.
• கதை மரபு: ஜினசேனரின் ஆதிபுராணம், குணபத்திரரின் உத்தரபுராணம், தமிழில் மணிப்பிரவாள நடையில் ஸ்ரீபுராணம்.
• பஞ்ச கல்யாணம் (தீர்த்தங்கரர், அதாவது சமண அருளாசான், வாழ்வின் ஐந்து மங்கல நிகழ்வுகள்): கருவுறல், பிறப்பு, துறவு, கேவல ஞானம், வீடுபேறு.
• ரிஷபதேவர்: முதல் தீர்த்தங்கரர். இலாஞ்சனை (அடையாளச் சின்னம்) எருது. பெற்றோர் நாபி, மருதேவி. மக்கள் பரதன், பாகுபலி.
• ரிஷபர் வாழ்வின் முக்கிய நிகழ்வுகள்: இந்திரன் குழந்தையை ஐராவதத்தில் ஏற்றி மேருமலையில் நீராட்டல், நீலாஞ்சனை ஆடும்போதே உயிர் நீத்தல், அதனால் துறவு, நமி, விநமி அரசு கேட்டல், சிரேயாம்சன் கையில் கருப்பஞ்சாறு, முதல் உணவு.
• நீலாஞ்சனையின் மரணம் கதையின் திருப்பம். வரிசைப்படுத்துக வினாவில் துறவுக்கு முன் வருவது.
• வர்த்தமானர்: 24-ஆம் தீர்த்தங்கரர். இலாஞ்சனை சிங்கம். தந்தை சித்தார்த்தர், தாய் பிரியகாரிணி (திரிசலை).
• நேமிநாதர்: 22-ஆம் தீர்த்தங்கரர். இலாஞ்சனை சங்கு. கண்ணனுக்கு உறவினர், ஆகவே சமண விதானத்தில் கண்ணனின் இளமைக் கதையும்.
• நேமிநாதர் துறவுக்குக் காரணம்: தம் திருமண விருந்துக்கு அடைக்கப்பட்ட விலங்குகள். மணமகள் இராசிமதி. வீடுபேறு கிர்நார் மலை.
• தருமதேவி: முற்பிறவியில் அக்கினிலை. துறவிக்கு உணவிட்டதால் கணவன் சோமசர்மன் சினம்; வீட்டைவிட்டு வெளியேற்றம்; இறந்து நேமிநாதரின் இயக்கி (காவல் தெய்வம்) ஆதல். ஊர்தி சிங்கம். அடையாளம் மாமரம், இரு குழந்தைகள்.
• சமவசரணம்: தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் தெய்விக மண்டபம். அமைப்பவர் குபேரன். நான்கு திசையிலும் முகம் தெரிதல். கேட்போருக்கு 12 பிரிவு.

ஓவியர்
• பெயர்: தெரியாது. கொடையாளர், அவர் தந்தை, குரு மூவரும் பெயரோடு. தூரிகை பிடித்தவர் மட்டும் பெயரின்றி. விடுபட்டது தற்செயல் என்று கொள்வது கடினம்.
• ஒப்பீடு: இத்தாலிய மறுமலர்ச்சி ஓவியர் வரலாறுகளைத் தொகுத்தவர் ஜார்ஜோ வசாரி, 1550.
• தமிழகத்தில் பெயர் நின்ற அரிய நிகழ்வு: சித்தன்னவாசல், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன், 9-ஆம் நூற்றாண்டு, பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலம். ஆனால் கல்வெட்டு சொல்வது மண்டபத் திருப்பணி. அவரே தீட்டினார் என்பதற்கு அது சான்றாகாது.
• சித்திரகாரப்புலி: முதலாம் மகேந்திரவர்மன் பட்டம். ஓவியப் பட்டமும் அரசனுக்கே.

அதே கால இத்தாலி (ஒப்பீட்டுக்கு)
• ஜோட்டோ: பதுவா, ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயம், சுமார் 1305. இருகப்பருக்கு முன்.
• மசாச்சோ: ஏதேன் தோட்டத்திலிருந்து ஆதாம், ஏவாள் வெளியேற்றம், பிளாரன்ஸ், 1420-கள்.
• லியனார்டோ டா வின்சி: இறுதி இராவுணவு, மிலான், 1495–1498. புரவலர் லுடோவிக்கோ ஸ்ஃபோர்சா. உலர்சாந்து மேல் தீட்டியது, விரைவில் உதிர்ந்தது.
• மைக்கேலாஞ்சலோ: சிஸ்டைன் சிற்றாலய விதானம், 1508–1512. புரவலர் போப் இரண்டாம் ஜூலியஸ். தொடக்கநூல் காட்சிகள் 9. புகழ்பெற்றது ஆதாமின் படைப்பு.
• சிஸ்டைன் விதானம் உருவான பெரும்பாலான ஆண்டுகளில் விஜயநகர அரியணையில் கிருஷ்ணதேவராயர் (1509–1529).
• ஈரச்சாந்து முறை: சுண்ணச்சாந்து காயுமுன் தீட்டல், நிறம் சுவரோடு இறுகும். உலர்சாந்து முறை: காய்ந்த சாந்தில் பசை சேர்த்துத் தீட்டல், திருத்தம் எளிது, ஆயுள் குறைவு.

காஞ்சியின் பிற ஓவியங்கள்
• கைலாசநாதர் கோயில்: பிள்ளையார்பாளையம் அருகே. கட்டியவர் இரண்டாம் நரசிம்மவர்மன் (இராசசிம்மன்), 8-ஆம் நூற்றாண்டுத் தொடக்கம். கல் வகை மணற்கல்.
• திருச்சுற்றுச் சிற்றாலயங்கள்: 58. ஓவிய எச்சம் இவற்றின் உள்ளே. குறிப்பிடத்தக்கது சோமாஸ்கந்தர் (சிவன், உமை, முருகன்). செங்காவிக் கோடுகள் மிச்சம்.
• ஓவியங்களைக் கண்டறிந்தவர்: ழுவோ துப்ரேய், புதுச்சேரி வாழ் பிரெஞ்சு அறிஞர், 1931.
• இராசராசன் கல்வெட்டில் இக்கோயில்: கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி.
• கன்னடக் கல்வெட்டு: சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன். காஞ்சியை வென்றும் கோயில் செல்வத்தைத் திருப்பியளித்தல்.
• வரதராசப் பெருமாள் கோயில்: விஜயநகரக் கால ஓவிய எச்சம்.
• பனைமலை தாளகிரீசுவரர் கோயில்: இராசசிம்மன் காலம், குடையின்கீழ் உமை. காஞ்சிக்கு வெளியே, பொருத்துக வினாவில் அடிக்கடி சிக்குவது.

நூல்
• திருப்பருத்திக்குன்றம் கோயில்கள் பற்றிய முதன்மை ஆய்வு: டி. என். இராமச்சந்திரன், சென்னை அரசு அருங்காட்சியக வெளியீடு, 1934.