பேய்க் கதை விளையாட்டு: கேம் மாஸ்டர் ஆவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியதும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "இதில் என்ன கேம் இருக்கிறது?" என்பதுதான். ஒருவர் மவுஸைப் பிடித்திருக்க, மற்றவர்கள் பின்னால் நின்று வேடிக்கை பார்க்கும் கேம்களே நமக்குப் பழக்கம். இந்த மாதம் நாம் பார்க்கப் போவது வேறு வகை. இதில் கம்ப்யூட்டர் உதவியாள் மட்டுமே. சுற்றி அமர்ந்திருக்கும் நான்கைந்து பேர்தான் பேசிப் பேசியே கதையை உருவாக்குவார்கள். இதற்கு டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்று பெயர்.

அடிப்படை என்ன?

ஒருவர் கேம் மாஸ்டர். சூழ்நிலையைச் சொல்பவர் இவர். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம் ஏற்று, "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் ஓடுகிறேன்" என்று முடிவெடுப்பார்கள். முடிவு உறுதியாகத் தெரியாத இடத்தில் பகடை உருட்ட வேண்டும்.

அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் 1974-ல் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இவ்வகைக்கு முன்னோடி. 1981-ல் சாண்டி பீட்டர்சன் உருவாக்கிய கால் ஆஃப் கதுல்ஹு, இதைத் திகில் பக்கம் திருப்பியது. அதில் வருபவர்கள் வாள் ஏந்திய வீரர்கள் அல்ல, சாதாரண மனிதர்கள். அவர்களுக்கு மனத்தெளிவு என்று ஒரு மதிப்பெண் உண்டு. பயங்கரத்தைப் பார்க்கப் பார்க்க அது குறையும். 2005-ல் வந்த டிரெட் என்ற விளையாட்டில் பகடையே கிடையாது. அடுக்கி வைத்த மரக்கட்டைக் கோபுரத்திலிருந்து ஒவ்வொன்றாக உருவ வேண்டும். யார் கையில் கோபுரம் சரிகிறதோ, அவருடைய பாத்திரம் கதையை விட்டு வெளியேறும்.

கதை எழுதாதீர்கள், சூழ்நிலை எழுதுங்கள்

முழுக் கதையையும் எழுதிவிட்டு ஆட வேண்டாம். நண்பர்கள் நீங்கள் நினைத்த கதவைத் திறக்கவே மாட்டார்கள்! புரோகிராம் எழுதும்போது, யூசர் எந்தப் பட்டனை அழுத்துவார் என்று நாங்கள் தீர்மானிப்பதில்லை. எதை அழுத்தினால் என்ன நடக்கும் என்றுதான் எழுதுகிறோம். இங்கும் அதே முறைதான்.

எங்கள் சோளிங்கர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துக்குப் பொருந்தும் ஓர் உதாரணம் தருகிறேன். இது முழுக்கக் கற்பனை.

மறுநாள் கைமாறப் போகும் ஒரு பழைய தோல் ஷாப். மழை இரவு. சரக்கைக் கணக்கெடுக்க நான்கு பேர் உள்ளே இருக்கிறார்கள்: வாட்ச்மேன், கணக்குப்பிள்ளை, டிரம் ஓட்டுபவர், அவருக்குச் சாப்பாடு கொண்டு வந்த மகள். கரண்ட் போய்விட்டது. ஆனால் உள் கொட்டகையில் டிரம் சுழலும் சத்தம் கேட்கிறது. (டிரம் என்பது தோலையும் மருந்துத் தண்ணீரையும் போட்டுச் சுழற்றும் பெரிய மர உருளை. மோட்டார் இல்லாமல் அது சுழலாது.)

எழுத வேண்டியது இவ்வளவுதான். மிச்சத்தை நண்பர்களிடமே கேளுங்கள்.

"டிரம் ஓட்டுபவரே, அதன் கதவைக் கடைசியாக மூடியது நீங்கள். உள்ளே எதை விட்டு வந்தீர்கள்?"

"கணக்குப்பிள்ளையே, நோட்டில் ஒரு பக்கத்தை ஏன் கிழித்தீர்கள்?"

அவர்கள் சொல்லும் பதிலை உடனே டைப் செய்து கொள்ளுங்கள். அரைமணி நேரம் கழித்து அதையே கதைக்குள் திருப்பிக் கொண்டு வாருங்கள். நீங்கள் கண்டுபிடித்த பேயைவிட, தாங்களே சொன்ன பொருள் டிரம்மிலிருந்து வெளியே வருவதுதான் அவர்களை அதிகம் நடுங்க வைக்கும்.

கேள்வியால் கதை நகர்வது நமக்குப் புதிதல்ல. அம்புலிமாமா வாசகர்களுக்கு விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிய வேதாளத்தை நினைவிருக்கும். அது கதை சொல்லிவிட்டுச் சும்மா இருக்காது, ஒரு கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும், சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் மீண்டும் மரமேறிவிடும். எந்தப் பதிலுக்கும் ஒரு விலை உண்டு என்பதே திகில் கதையின் சூத்திரம்.

பயத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள். முதலில் சத்தம், பிறகு தடயம், கடைசியில்தான் உருவம். அந்த உருவத்தையும் முழுதாக விவரிக்காதீர்கள்.

கம்ப்யூட்டரைத் தயார் செய்வோம்

1. குறிப்புகள்: டெஸ்க்டாப்பில் ஒரு போல்டர் உருவாக்கி, நோட்பேடில் இடம், ஆட்கள், கேள்விகள் என மூன்று பைல்களைச் சேமியுங்கள். தமிழில் டைப் செய்தால் சேவ் ஆஸ் விண்டோவில் என்கோடிங் என்ற இடத்தில் யூடிஎஃப்-8 இருக்கிறதா என்று பாருங்கள். ஏஎன்எஸ்ஐ என்று இருந்தால் உங்கள் எழுத்துக்கள் கேள்விக்குறிகளாகிவிடும்.

2. பகடை: எக்ஸெலைத் திறந்து ஒரு செல்லில் கிளிக் செய்யுங்கள். ஃபார்முலாஸ் டேபில் மேத் அண்ட் ட்ரிக் பட்டியலைத் திறந்து ரேண்ட்பிட்வீன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பாட்டம் கட்டத்தில் 1, டாப் கட்டத்தில் 6 கொடுத்து ஓகே செய்யுங்கள். இனி எஃப்9 கீயை அழுத்தும் ஒவ்வொரு முறையும் பகடை உருளும். சில லேப்டாப்களில் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.

3. ஒலி: மழைச் சத்தத்தையோ பழைய மின்விசிறியின் முனகலையோ போனில் பதிவு செய்து, கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். விஎல்சி பிளேயரில் லூப் பட்டனை அழுத்தினால் அது நிற்காமல் ஓடும். பேச்சை மறைக்காத அளவுக்குக் குறைவாக வையுங்கள். முக்கியமான தருணத்தில் சட்டென்று நிறுத்துங்கள். அந்த அமைதி எந்த அலறலையும்விடப் பயமுறுத்தும்.

எளிய விதி ஒன்று

ஒவ்வொருவருக்கும் 5 தைரியப் புள்ளிகள் கொடுங்கள். பயங்கரமான ஒன்றைச் சந்திக்கும்போது பகடை உருட்ட வேண்டும். விழுந்த எண் தன்னிடமுள்ள புள்ளிக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் தப்பித்தார். கூடுதலாக இருந்தால் ஒரு புள்ளி போய்விடும். தொடக்கத்தில் தோற்க 6-ல் 1 வாய்ப்புதான். புள்ளி 3 ஆகும்போது அது 6-ல் 3 ஆகிவிடும். ஆக, கதை வளர வளர ஆபத்தும் தானாகவே ஏறும். புள்ளி தீர்ந்தால் அந்தப் பாத்திரம் ஓடிப்போகிறதா, மயங்குகிறதா, இறக்கிறதா என்பதை அதை ஆடுபவரே சொல்லட்டும்.

பயத்துக்கு எல்லை வேண்டும்

இதுதான் பாடத்தின் முக்கியமான பகுதி. மனநலம் பாதிக்கப்பட்டவர்களையும், பேய் பிடித்ததாக நம்பப்படுபவர்களையும் குடும்பத்தினர் சோளிங்கருக்கு அழைத்து வருவது நெடுநாள் வழக்கம். தக்கான் குளத்தில் நீராடி, சின்ன மலையில் ஆஞ்சநேயரை வணங்குவார்கள். அவர்களுக்கு அது விளையாட்டல்ல, வேதனை. அவர்களைப் போல ஆடிக் காட்டிச் சிரிப்பது திகில் ஆகாது.

அதேபோல, 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து 10 பேர் உயிரிழந்தார்கள். தோல் ஷாப் கதையை ஆடும் நண்பர்களில் ஒருவர் அப்படி உறவினரை இழந்தவராக இருக்கலாம். நமக்கு அது தெரியாமலும் இருக்கலாம். அதனால்தான் நிஜ விபத்தையும் நிஜப் பெயரையும் கதைக்குள் கொண்டுவரக் கூடாது.

ஆட்டம் தொடங்கும் முன் "எது வேண்டாம்?" என்று எல்லோரையும் கேளுங்கள். குழந்தைக்கு ஆபத்து, தற்கொலை, தண்ணீரில் மூழ்குவது என்று எதையும் சொல்லலாம். காரணம் கேட்கக் கூடாது. பட்டியலை நோட்பேடில் மேலேயே வைத்துக் கொள்ளுங்கள். எல்லோர் முன்பும் சொல்லக் கூச்சப்படுபவர்கள் தனியாகச் சொல்ல வாய்ப்புக் கொடுங்கள்.

அத்துடன், ஓர் அட்டையில் பெருக்கல் குறி போட்டு நடுவில் வையுங்கள். ஜான் ஸ்டாவ்ரோபவுலோஸ் உருவாக்கிய எக்ஸ்-கார்டு என்ற முறை இது. ஆடும்போது யாராவது அதைத் தொட்டால் அந்தக் காட்சியை அப்படியே விட்டுவிட்டு வேறு பக்கம் போக வேண்டும். விளக்கம் கேட்பது கேம் மாஸ்டரின் வேலை அல்ல. நிறுத்த முடியும் என்று தெரிந்தால்தான் மனிதர்கள் துணிந்து பயப்படுவார்கள்.

முதல் ஆட்டத்தை இரண்டு மணி நேரத்துக்குள் முடியுங்கள். முடிந்ததும் விளக்குகளைப் போட்டு, டீ குடித்தபடி பத்து நிமிடம் கதையைப் பற்றிப் பேசுங்கள். யாராவது வழக்கத்தைவிட அமைதியாக இருந்தால் மறுநாள் ஒரு போன் செய்து விசாரியுங்கள். அதுவும் கேம் மாஸ்டரின் பொறுப்புதான்.