எழுத்தை மட்டும் காக்கும் ஏடு

'அம்மா' என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள்? அ, ம், மா – மூன்று என்று உடனே சொல்லிவிடுவீர்கள். கணிப்பொறியோ அதை ஐந்து குறிகளாகப் பிரிக்கிறது. சேமித்து வைக்கும்போது 15 பைட் இடம் எடுத்துக்கொள்கிறது! இது ஏன்? ஒரு சிறு சோதனையால் தெரிந்துகொள்வோம்.

விண்டோஸ் கணிப்பொறிகளில் 'நோட்பேட்' என்ற நிரலைப் பார்த்திருப்பீர்கள். 1985-ஆம் ஆண்டில் விண்டோஸின் முதல் பதிப்பு வெளிவந்தபோதே அதுவும் உடன் வந்தது. குறிப்பு எழுதவும் சேமிக்கவும் பயன்படும் எளிய ஏடு அது. அண்மைப் பதிப்புகளில் சில அலங்கார வசதிகள் சேர்ந்துள்ளன. ஆயினும் டெக்ஸ்ட் கோப்பாகச் சேமித்தால் எழுத்துகள் மட்டுமே அதில் தங்கும்.

நோட்பேடைத் திறந்து, ஆங்கில எழுத்துகளில் ஏ, எம், எம், ஏ என்று நான்கு சிறிய எழுத்துகளை அடியுங்கள். என்டர் விசையை அழுத்தாமல் சேமியுங்கள். கோப்பின் அளவைப் பாருங்கள்: 4 பைட். இப்போது வேறொரு கோப்பில் தமிழில் 'அம்மா' என்று அடித்துச் சேமியுங்கள்: 15 பைட். (2019-க்கு முந்திய பதிப்பாக இருந்தால், சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதில் மேலும் 3 பைட் கூடித் தெரியலாம். அவை கோப்பின் தொடக்க அடையாளம்.)

எண்களே எழுத்துகள்

கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் என்று அட்டவணை வகுத்தார்கள். 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான 'ஆஸ்கி' என்ற அட்டவணை அவற்றுள் புகழ்பெற்றது. அதில் 128 இடங்கள் உண்டு. இன்று அந்த அட்டவணைப்படி ஆங்கிலச் சிறிய 'ஏ' 97, 'எம்' 109. நாம் சேமித்த முதல் கோப்பில் இருப்பவை 97, 109, 109, 97 என்ற நான்கு எண்கள்தாம். வேறொன்றும் இல்லை. எந்த எழுத்துரு, என்ன வண்ணம், எவ்வளவு ஓரம் என்ற செய்திகள் எவையும் அதில் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு சிறியது. எந்த நிறுவனத்தின் நிரலைக் கொண்டும் அதைத் திறந்து படிக்கலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. எழுதியவரும் படிப்பவரும் ஒரே அட்டவணையைப் பயன்படுத்த வேண்டும்!

அட்டவணை மாறினால்?

ஆஸ்கியில் தமிழுக்கு இடம் இல்லை. அதனால் 1990-களில் தமிழில் எழுத விரும்பியவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஆங்கில எழுத்துகளின் எண்களிலேயே தமிழ் வடிவங்களை ஏற்றி எழுத்துருக்கள் செய்தார்கள். பரவலாகப் பயன்பட்ட 'பாமினி' எழுத்துரு இத்தகையது. அதில் 'அம்மா' என்று எழுதினால் கோப்பில் சேர்பவை 109, 107, 59, 107, 104 என்ற ஐந்து எண்கள். ஐந்தே பைட்! இலாபம்தானே என்று தோன்றும்.

இந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்றுதான் தெரியும். டெக்ஸ்ட் கோப்பில் எழுத்துருவின் பெயர் இருப்பதில்லை அல்லவா? பாமினி என்பதை அறியாதவருக்கு அம்மாவே தெரியமாட்டாள்! இப்படிப் பல அட்டவணைகளில் எழுதிய தமிழ்க் குறிப்புகள், புதிய கணிப்பொறிக்கு மாறியதும் படிக்க முடியாமல் போயின. எண்கள் அழியவில்லை, அட்டவணைதான் தவறிவிட்டது. ஆகவே சரியான அட்டவணை தெரிந்தால், மாற்றும் நிரல்களைக் கொண்டு அவற்றை மீட்டுவிடலாம்.

ஆங்கிலமும் இதற்குத் தப்பவில்லை. 2001-இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பியின் நோட்பேடில், 4, 3, 3, 5 எழுத்துகள் கொண்ட நான்கு சொற்களால் ஆன சில ஆங்கிலத் தொடர்களைச் சேமித்து மீண்டும் திறந்தால், சீன எழுத்துகளோ வெறும் கட்டங்களோ தோன்றின. இடைவெளிகளோடு 18 பைட். அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து 9 எழுத்துகள் என்று நோட்பேட் தவறாக ஊகித்ததே காரணம்.

மூன்று பைட்டின் இரகசியம்

இந்தக் குழப்பம் தீர, உலக மொழிகளுக்கெல்லாம் ஒரே அட்டவணை வேண்டும். அதுவே யூனிகோடு. அதன் முதல் பதிப்பு 1991-இல் வெளியானது. தமிழும் அதில் இடம்பெற்றது. அதன்படி அ 2949, ம 2990, புள்ளி 3021, துணைக்கால் 3006. 'ம்' என்பது ம-வும் புள்ளியும். 'மா' என்பது ம-வும் துணைக்காலும். இதனால்தான் மூன்று எழுத்து ஐந்து குறிகள் ஆயிற்று.

ஒரு பைட்டில் 255-க்கு மேல் எண் அடங்காது. 2949-ஐ எப்படி எழுதுவது? 1992-இல் கென் தாம்ப்சன், ராப் பைக் என்ற இரு அறிஞர்கள் ஓர் உணவு விடுதியில் அமர்ந்து, மேசைத் தாளிலேயே இதற்கு வழி வகுத்தார்கள். அதுவே யூடிஎஃப்-8. 'அ' அதில் மூன்று பைட்டாகிறது. இரும எண்களில் பாருங்கள்:

11100000 10101110 10000101

முதல் பைட்டின் தலைப்பில் உள்ள மூன்று ஒன்றுகள், 'இது மூன்று பைட் கொண்ட குறி' என்று அறிவிக்கின்றன. அடுத்து வரும் பைட்டுகள் 10 என்று தொடங்கி, 'நான் தொடர்ச்சி' என்கின்றன. 1110, 10, 10 என்ற இந்த அடையாளங்களை நீக்கி மிச்சத்தைச் சேர்த்தால் 0000101110000101. அதாவது 2949! ஆங்கில எழுத்தின் பைட் 0-இல் தொடங்குவதால், ஒரே கோப்பில் தமிழும் ஆங்கிலமும் குழப்பமின்றிக் கலந்திருக்கலாம். ஐந்து குறிகள், குறிக்கு மூன்று பைட், ஆக 15. கணக்குச் சரிதானே?

இலக்கணம் எண்ணுவது எழுத்துகளை; கணிப்பொறி எண்ணுவது தன் குறிகளை. இரண்டும் தத்தம் வழியில் சரியே.

இன்று நீங்கள் எழுதும் குறிப்பை முப்பது ஆண்டு கழித்து உங்கள் பிள்ளைகள் படிக்க வேண்டுமா? எளிய டெக்ஸ்ட் கோப்பாக, யூடிஎஃப்-8-இல் சேமியுங்கள். இன்னொரு படியும் வேறிடத்தில் இருக்கட்டும்.

செய்து பாருங்கள்

1. 'வணக்கம்' என்ற சொல் எத்தனை பைட்? முதலில் கணக்கிட்டுப் பின் சோதித்துப் பாருங்கள்.

2. 'தமிழ்ப் பாடம்' 37 பைட் ஆகிறது. 37 ஏன் மூன்றின் மடங்காக இல்லை?

விடை: 1. ஏழு குறிகள், 21 பைட். 2. இடைவெளியின் எண் 32. அதற்கு ஒரே பைட் போதும்.