பிரசங்கம் எங்கே போய் முடிகிறது

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பெயரும் ஊரும் வெளியே தெரியாமல் பத்திரிகையிலேயே பதில் எழுதலாம் என்று சம்மதம் தந்ததற்கு நன்றி. தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றி நம் சபைகளில் செய்யப்படும் பிரசங்கங்கள் குறித்து நான் எழுதியது உங்களுக்குப் பிடிக்கவில்லை. "ஐயர் வேதத்தில் உள்ளதைச் சொல்கிறார். கேட்கிறவன் கேட்கட்டும், கேட்காதவன் போகட்டும். ஆலயத்துக்குள் பேசியது ஆலயத்தோடு முடிந்தது. அதை ஏன் அரசியலோடு முடிச்சுப் போடுகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோபத்தில் கேட்டிருந்தாலும் நேர்மையான கேள்வி. அதனால் நிதானமாகவே பதில் சொல்கிறேன். ஆலயத்தோடு முடியாமல் போன ஒரு நாடு இருக்கிறது, உகாண்டா. அங்கே பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள். கத்தோலிக்கர், ஆங்கிலிக்கன் சபையார், பெந்தெகொஸ்தேக்காரர் என்று நம் திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் இருக்கிற எல்லா வகையும் அங்கேயும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் சொல்லப்படுவது திங்கட்கிழமை சந்தையில் பேச்சாகிற ஊர்.

2009 மார்ச்சில் தலைநகர் கம்பாலாவின் ஓர் ஓட்டலில் மூன்று நாள் கருத்தரங்கு ஒன்று நடந்தது. ஸ்டீபன் லங்கா என்பவரின் குடும்ப ஊழிய அமைப்பு ஏற்பாடு செய்தது. பேச வந்தவர்கள் மூன்று அமெரிக்கர்கள். அவர்களில் முக்கியமானவர் ஸ்காட் லைவ்லி என்ற போதகர். ஹிட்லரின் நாஜி இயக்கத்துக்குப் பின்னால் இருந்தவர்களே தன்பாலீர்ப்பாளர்கள்தான் என்று முன்பே ஒரு புத்தகம் எழுதியவர். அந்த நாஜி அரசு தன்பாலீர்ப்புள்ள ஆண்களை ஆயிரக்கணக்கில் வதைமுகாமில் அடைத்தது என்பதுதான் வரலாறு. வந்திருந்த போதகர்கள், ஆசிரியர்கள், போலீஸ்காரர்கள், அரசியல்வாதிகள் ஆகியோருக்கு அங்கே போதிக்கப்பட்டவற்றில் ஒன்று, இவர்கள் பிள்ளைகளைக் குறிவைத்து ஆள்சேர்க்கிறார்கள் என்பது. லைவ்லி அந்தப் பயணத்தில் எம்.பி.க்களையும் சந்தித்துப் பேசினார். உகாண்டாவில் தன்பாலீர்ப்பாளர் இயக்கத்தின்மேல் விழுந்த அணுகுண்டு என்று தன் கூட்டங்களை ஒருவர் வர்ணித்ததாகப் பிறகு அவரே எழுதினார்.

ஏழு மாதத்தில், அக்டோபரில், டேவிட் பஹாட்டி என்ற எம்.பி. மசோதா கொண்டுவந்தார். சில வகை 'குற்றங்களுக்கு' அதில் மரண தண்டனை. விஷயம் தெரிந்தும் புகார் கொடுக்காதவருக்கும் சிறை. அதாவது, மகனைக் காட்டிக்கொடுக்காத தாயும் குற்றவாளி.

அந்தக் கம்பாலா கூட்டங்களின் உயிர்நாடி லேவியராகமமோ ரோமரோ கிடையாது. அந்த வசனங்கள் அந்த ஊர் ஆலயங்களில் அதற்கு முன்பும் நூறு வருஷமாக வாசிக்கப்பட்டுத்தான் வந்தன. யாரும் மரண தண்டனைக்கு மசோதா எழுதவில்லை. புதிதாக வந்தது பிள்ளைகளைப் பற்றிய அந்தப் பொய். தூரத்து விடுதிப் பள்ளியில் பிள்ளையை விட்டுவிட்டு வந்திருக்கிற தகப்பன் அதைக் கேட்டால் என்ன ஆவார்? வேதத்தைப் பற்றி வாதாடலாம். பிள்ளைக்கு ஆபத்து என்று பயந்தவரிடம் என்ன வாதாடுவது? இந்தப் பயத்தை அரசியலில் காசாக்கும் வித்தை அதற்கு 32 வருஷம் முன்பே அமெரிக்காவில் தேறியிருந்தது. 1977ல் மயாமி இருக்கும் டேட் மாவட்டத்தில், தன்பாலீர்ப்பாளர்களை வேலையிலும் வாடகை வீட்டிலும் பாகுபடுத்தக் கூடாது என்ற விதியை ஒழிக்கப் பாடகி அனிட்டா பிரையன்ட் ஓர் இயக்கம் நடத்தினார். அதற்கு வைத்த பெயரே 'நம் குழந்தைகளைக் காப்பாற்றுங்கள்'. வாக்கெடுப்பில் ஏறக்குறைய 70 சதவீத வாக்கோடு வென்றது. இரண்டு வருஷத்தில் ஜெர்ரி ஃபால்வெல் என்ற போதகர் 'மாரல் மெஜாரிட்டி' அமைப்பைத் தொடங்கி, சபைகளையே தேர்தல் படையாக மாற்றினார். சொந்த நாட்டில் தோற்கத் தொடங்கிய இந்தச் சண்டையை அமெரிக்கர்கள் ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள் என்று எழுதியவர் காப்யா காவோமா. அவர் ஜாம்பியாவைச் சேர்ந்த ஆங்கிலிக்கன் குருவானவர். அந்தக் கம்பாலா கருத்தரங்கில் நேரில் உட்கார்ந்து கேட்டவர்.

விதை எங்கிருந்து வந்தாலும் நிலம் பண்பட்டிருந்தால்தானே முளைக்கும். அந்த நிலத்தையும் சொல்ல வேண்டும். கம்பாலாவுக்குப் பக்கத்தில் நமுகோங்கோ என்ற இடம் இருக்கிறது. புகாண்டா நாட்டு மன்னன் முவாங்கா 1886 ஜூன் 3 அன்று தன் அரண்மனை ஊழியர்களான இளைஞர்கள் பலரை அங்கே உயிரோடு எரித்தான். 1885 தொடங்கி அவன் கொன்ற கிறிஸ்தவர்களில் கத்தோலிக்கர் 22 பேரையும் ஆங்கிலிக்கன் சபையார் 23 பேரையும் திருச்சபை இரத்தசாட்சிகளாக நினைவுகூர்கிறது. ஒவ்வொரு ஜூன் 3 அன்றும் அங்கே லட்சக்கணக்கில் கூடுகிறார்கள். பக்கத்து நாடுகளிலிருந்துகூட நடந்தே வருகிறார்கள். அந்த இளைஞர்கள் விசுவாசத்தை விடவில்லை, மன்னனின் இச்சைக்கும் இணங்கவில்லை என்பது சபையில் சொல்லப்படும் வரலாறு.

எனக்கும் அந்த இரத்தசாட்சிகள்மேல் பெரிய மரியாதை உண்டு. அவர்களில் சிலர் பள்ளிக்கூடப் பிள்ளை வயதுக்காரர்கள். ஆனால் அவர்கள் எதை எதிர்த்தார்கள்? தன் கையில் உயிரை வைத்திருக்கிற ஒருவன் வற்புறுத்துவதை எதிர்த்தார்கள். அந்த நினைவைக் கொண்டுபோய், இணங்கி வாழ்கிற இரண்டு பெரியவர்கள்மேல் போலீஸை ஏவப் பயன்படுத்தினால், பிரசங்கம் முவாங்காவின் அரசாங்கத்தோடு போய் நிற்கிறது. அந்தப் பிள்ளைகளோடு நிற்கவில்லை. எழுதும்போதே எனக்கு வலிக்கிறது அண்ணாச்சி.

2010 அக்டோபரில் கம்பாலாவின் ஒரு சின்னப் பத்திரிகை தன்பாலீர்ப்பாளர்கள் என்று சொல்லிப் பலருடைய படத்தையும் பெயரையும் போட்டு, அவர்களைத் தூக்கிலிடச் சொல்லி முதல் பக்கத்தில் அச்சிட்டது. அதில் படம் வந்தவர்களில் ஒருவர் டேவிட் காட்டோ, பள்ளி ஆசிரியராக இருந்தவர். வேறு இருவரோடு சேர்ந்து வழக்குப் போட்டு 2011 ஜனவரி தொடக்கத்தில் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார். அதே மாதம் 26ஆம் தேதி வீட்டில் சுத்தியலால் அடித்துக் கொல்லப்பட்டார். தனிப்பட்ட தகராறு என்று போலீஸ் சொன்னது. ஒருவருக்கு 30 வருஷம் சிறை கிடைத்தது. கொலைக்கும் பிரசங்கத்துக்கும் நேர்க்கோடு போட என்னிடம் ஆதாரம் இல்லை, போடவும் மாட்டேன்.

ஆனால் அவருடைய அடக்கத்தில் நடந்ததில் மறைவேதும் இல்லை. சொந்த கிராமத்தில் பெட்டி இறக்கி வைத்திருக்கிறது. தாயார் அங்கே இருக்கிறார். நண்பர்கள் அவர் படம் போட்ட சட்டை அணிந்து நிற்கிறார்கள். அடக்க ஆராதனைக்கு வந்த ஆங்கிலிக்கன் குருவானவர் மைக்கைப் பிடித்துச் சோதோம் கொமோராவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். மிருகங்களுக்குக்கூட ஆண் பெண் வித்தியாசம் தெரியும் என்றார், மனந்திரும்புங்கள் என்றார். கூட்டத்தில் சிலர் ஆரவாரம் செய்தார்கள். நண்பர்கள் போய் மைக்கைப் பிடுங்கினார்கள், தள்ளுமுள்ளு. ஊர்க்காரர்கள் பெட்டியைத் தொட மாட்டோம் என்று விலகிவிட, நண்பர்களே தோள்கொடுத்துக் குழிக்குத் தூக்கிப்போனார்கள். நம் ஊரில் பகையாளி வீட்டுச் சாவுக்கும் தோள் கொடுப்போம் இல்லையா?

குழியருகே ஜெபம் பண்ணி அடக்கம் செய்தவர் கிறிஸ்டோபர் செஞ்ஞோன்ஜோ. மேற்கு புகாண்டா திருமண்டலத்தின் பேராயராக இருந்து 1998ல் ஓய்வுபெற்றவர். அப்போது எண்பதை நெருங்கிய கிழவர். ஓய்வுக்குப் பிறகு ஆலோசனை சொல்லும் ஊழியம் செய்தபோது, இப்படிப்பட்ட பிள்ளைகள் அவரிடம் வந்து அழுதார்கள். அவர்களைத் துரத்த மாட்டேன் என்றதற்காகத் திருச்சபை அவருடைய ஊழிய உரிமையைப் பறித்தது. அதே வேதத்தைப் பல வருஷம் பிரசங்கித்தவர்தான் அவரும். வேதத்தில் இருப்பதைத்தானே ஐயர் சொல்கிறார் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சபாநாயகர் ரெபெக்கா கடாகா இந்தச் சட்டத்தை மக்களுக்குக் கிறிஸ்மஸ் பரிசாகத் தருவதாக 2012ல் வாக்குக் கொடுத்தார். 2013 டிசம்பரில் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாக்கி நிறைவேற்றினார்கள். 2014 ஆகஸ்டில், உறுப்பினர் எண்ணிக்கை போதாமல் நிறைவேற்றப்பட்டது என்று அரசியல் சாசன நீதிமன்றம் ரத்து செய்தது. 2023ல் திரும்பவும் கொண்டுவந்தார்கள், இந்த முறை மரண தண்டனையோடு. மே மாதம் அதிபர் முசேவேனி கையெழுத்திட்டார். உகாண்டா ஆங்கிலிக்கன் தலைமைப் பேராயர் ஸ்டீபன் கசிம்பா நன்றி தெரிவித்து அறிக்கை விட்டார். மரண தண்டனை வேண்டாம், ஆயுள் தண்டனை போதும் என்பது அவர் நிலை. அந்த வருஷம் அக்டோபரில் நாட்டின் தேசிய ஜெபக் கூட்டத்துக்கு வந்த அமெரிக்க எம்.பி. டிம் வால்பெர்க், சட்டத்தில் உறுதியாக நில்லுங்கள் என்று மேடையிலேயே சொன்னார். 2024 ஏப்ரலில் நீதிமன்றம் சில பிரிவுகளை மட்டும் நீக்கிவிட்டு மற்றதைச் செல்லும் என்றது. முசேவேனி 1986லிருந்து பதவியில் இருக்கிறவர். ரோடு போட, ஆஸ்பத்திரி கட்டப் பணம் வேண்டும். இந்தச் சட்டத்துக்கு ஒரு ஷில்லிங் செலவில்லை, ஆனால் பீடத்திலிருந்து கைதட்டு கிடைக்கும்.

அது ஆப்பிரிக்கா, நமக்கென்ன என்பீர்கள். தன்பாலுறவைக் குற்றமாக்கிய, இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை நீக்கக் கூடாது என்று 2018ல் நம் உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்து நின்றவற்றில் அப்போஸ்தலிக் அலையன்ஸ் ஆஃப் சர்ச்சஸ், உத்கல் கிறிஸ்டியன் அசோசியேஷன் என்று இரண்டு கிறிஸ்தவ அமைப்புகள் உண்டு. 1860ல் வெள்ளைக்காரன் எழுதிய அந்தப் பிரிவில் ஆயுள் தண்டனை வரை இருந்தது. பிரசங்கம் சபை விஷயம் மட்டும் என்றால், அந்தச் சிறைக்கதவைத் திறக்காதே என்று கேட்கச் சபையின் பேரில் டெல்லிக்கு ஏன் போனார்கள்?

அப்படியானால் ஐயர் வாயே திறக்கக் கூடாதா என்பது உங்கள் அடுத்த கேள்வி. திறக்கட்டும். திருமணம் என்றால் இன்னது என்று தன் சபைக்குப் போதிக்க அவருக்கு உரிமை உண்டு. எனக்கு அதில் மாற்றுக் கருத்து உண்டு, அதைச் சபைக்குள்ளேயே பேசிக்கொள்ளலாம். ஆனால் பிள்ளை பிடிக்கிறார்கள், நோய்க்காரர்கள், வெளிநாட்டுப் பணம் என்று ஆதாரமில்லாமல் பீடத்தில் பேசுவது பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்வது. அதைத் தடுக்கும் கட்டளை சிறுவர் ஞாயிறு பள்ளியிலேயே நமக்கு மனப்பாடம். அதேபோல, சர்க்கார் இவர்களைப் பிடித்து உள்ளே போட வேண்டும் என்று கேட்பது பிரசங்கத்தில் சேராது. தன்பாலீர்ப்பு குற்றம் கிடையாது, அதைக் குற்றமாக்கும் சட்டங்களை ஆதரிக்கிற பேராயர்களே மனம் மாற வேண்டும் என்று போப் பிரான்சிஸ் 2023 ஜனவரியில் சொன்னார். திருமணம் பற்றிய போதனையில் ஓர் எழுத்தையும் மாற்றாத சபையின் தலைவரே அப்படிச் சொன்னார்.

கடிதத்தின் கடைசியில், பின்குறிப்பு மாதிரி, தங்கை மகனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கல்லூரியில் படிக்கிற பையன் தாயிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டான், வீட்டில் ஒரே அழுகை, உபவாச ஜெபம் வைத்து 'விடுதலை' வாங்கித் தருகிற ஒரு ஜெபவீட்டில் கொண்டுபோய் நாற்பது நாள் விடலாமா என்று யோசனை. உண்மையில் இதைக் கேட்கத்தான் கடிதம் எழுதினீர்கள் என்று நினைக்கிறேன்.

விடாதீர்கள் அண்ணாச்சி. ஜெபித்து மாற்றுகிறோம் என்று சொன்னவர்களில் உலகத்திலேயே பெரிய அமைப்பு அமெரிக்காவின் எக்ஸோடஸ் இன்டர்நேஷனல். அந்தக் கம்பாலா கருத்தரங்கில் பேசியவர்களில் ஒருவர் அவர்களுடைய நிர்வாகக் குழுவைச் சேர்ந்தவர். 37 வருஷம் நடத்திவிட்டு 2013 ஜூனில் கதவை மூடினார்கள். தலைவர் ஆலன் சேம்பர்ஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். தான் சந்தித்தவர்களில் கிட்டத்தட்ட யாருக்குமே ஈர்ப்பு மாறவில்லை என்று அதற்கு முந்தின வருஷமே ஒப்புக்கொண்டிருந்தார். உலக சுகாதார நிறுவனம் 1990லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 2021 ஜூனில், மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து அடைக்கலம் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இதில் போதிய புரிதல் இல்லை என்று சொல்லி, உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டுதான் உத்தரவு எழுதினார். மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடை செய்தார். அடுத்த வருஷம் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்றது. டாக்டருக்கே கூடாத ஒன்றை ஒரு ஜெபவீட்டில் செய்ய நாம் பிள்ளையை ஒப்படைக்கலாமா?

தங்கச்சியிடம் இதையெல்லாம் நீங்களே பேசுங்கள். தாய்மாமன் சொன்னால் வீட்டில் எடுபடும். பையனிடம் வேதம் பேச அவசரப்பட வேண்டாம். முதலில் பரீட்சை எழுதட்டும், சாப்பிடட்டும், தூங்கட்டும். அடுத்த ஞாயிறு ஆலயத்துக்கு வர அவனுக்கு மனமிருந்தால் உங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். பிரசங்கத்தில் அந்தப் பேச்சு வந்தால், ஆராதனை முடிந்ததும் ஐயரைத் தனியாகப் பார்த்து, இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் என் தங்கை மகனும் ஒருவன் என்று சொல்லுங்கள். அவன் சம்மதித்தால் மட்டும். நான் அவனோடு பேசினால் உதவும் என்று தோன்றினால் என் நம்பரை அவனிடம் கொடுங்கள், எந்த நேரமானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி