அப்பாவுக்குக் காது கேட்கிறது, சொல்தான் புரியவில்லை

கேள்வி: என் அப்பாவுக்கு 59 வயது. இருபது வருஷத்துக்கு மேல் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியில் ஊர் ஊராகச் சுற்றியவர். இப்போது மலையில் எங்கள் காப்பி, மிளகுத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். கூப்பிட்டால் திரும்புகிறார், ஆனால் நாங்கள் சொல்வது ஒன்று, அவர் பதில் சொல்வது வேறு. சத்தமாகச் சொன்னால் ‘எதுக்குக் கத்துறே’ என்று கோபம். கடையில் வாங்கிக் கொடுத்த காது மெஷின் ‘குய்ங்’ என்று கத்துகிறது என்று பரணில் போட்டுவிட்டார். அம்மா பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை வாராவாரம் காதில் விடுகிறார். இன்னும் விலை கூடிய மெஷின் வாங்கினால் சரியாகுமா? பஸ்ஸில் மலை இறங்கும்போது காது அடைக்கிறது என்றும் சொல்கிறார். அதுவும் இதே நோய்தானா? என் தம்பியும் இப்போது போர் வண்டிக்குத்தான் போகிறான்.
— வாசகி, வத்தல்மலை, தர்மபுரி மாவட்டம்

பதில்: முதலில் எண்ணெயை நிறுத்துங்கள். காதில் விடும் எண்ணெய் செவிப்பறை வரைதான் போகும். உங்கள் அப்பாவுக்குப் பழுது அநேகமாக அதற்கும் உள்ளே, நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் உள்காதில். அங்கே ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிரிழைச் செல்கள் உண்டு. போர் வண்டியின் கம்ப்ரஸர் இரைச்சலில் ஆண்டுக்கணக்கில் நின்றால் அவை சாய்ந்துபோகும். மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. செவிப்பறையில் ஓட்டை இருந்தால், எண்ணெய் சீழுக்கும் பூஞ்சைக்கும் வழிவிடும். அம்மாவின் அக்கறையைக் குறை சொல்லவில்லை. அந்தப் பூண்டு ரசத்துக்குப் போகட்டும்.

கூப்பிட்டால் திரும்புகிறார், சொன்னது புரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி நோயை நீங்களே சொல்லிவிட்டீர்கள். இரைச்சலால் கெடும் காது முதலில் கூரிய, உச்சத்து ஒலிகளைத்தான் இழக்கும். நம் பேச்சில் உயிரொலிகள் கனத்தவை. அவை எப்படியும் போய்ச் சேரும். க, ச, த, ப போன்றவை கண நேரம் வந்து போகிற மெல்லிய வெடிப்புகள்; நழுவிவிடும். ‘பால்’ என்றாலும் ‘கால்’ என்றாலும் அவருக்கு ‘ஆல்’தான். மிச்சத்தை ஊகிக்கிறார். ஊகம் தப்பினால் வீட்டில் சிரிக்கிறார்கள். நாலு முறை சிரித்தபின் மனுஷர் பேச்சையே குறைத்துக்கொள்வார். அதைப் பார்த்து ‘வயசாச்சு, புத்தி மந்தமாயிடுச்சு’ என்று ஊர் தீர்ப்பு எழுதும். உண்மையில், கவனிக்காமல் விட்ட காது கேளாமை மறதி நோய்க்கான ஆபத்தைக் கூட்டுகிறது என்று லான்செட் ஆணையம் 2024 அறிக்கையிலும் சொல்லியிருக்கிறது. அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கத்தினால் ஏன் கோபம்? கத்தும்போது உயிரொலிதான் பெருகும். தேவைப்படும் மெய்யொலி தெளியாது. மேலும் பழுதான உள்காதுக்கு மெல்லிய சத்தம் எட்டாது, பெரிய சத்தமோ சட்டென்று வலிக்கும் அளவுக்குப் போய்விடும். ஆகவே அடுப்படியிலிருந்து குரல் கொடுக்காதீர்கள். அருகில் போய், ‘அப்பா’ என்று கூப்பிட்டு, அவர் உங்கள் முகத்தைப் பார்த்த பிறகு, வெளிச்சத்தில் நின்று, நிதானமாகச் சொல்லுங்கள். டிவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தை மூன்றாம் முறை சொல்லாமல் வார்த்தையை மாற்றுங்கள். வாங்க வேண்டிய சாமான், போக வேண்டிய தேதி போன்றவற்றைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பதில் கௌரவக் குறைவு எதுவுமில்லை.

இனி மெஷின். விலை முக்கியமில்லை, பொருத்தம்தான் முக்கியம். கடையில் எடுத்தது எல்லா ஒலியையும் ஒரே மாதிரி பெருக்கியிருக்கும். காதுக்குள் இறுக உட்காராமல் ஒலி வெளியே கசிந்து மைக்குக்குத் திரும்பினால்தான் அந்தக் ‘குய்ங்’. காதில் குறும்பி அடைத்திருந்தாலும் வரும். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டி, ஆடியோகிராம் எடுங்கள். எந்த ஒலி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அந்தத் தாள் சொல்லும். மெஷினை அதற்கேற்பத் திருத்தி, காதின் அச்சில் வார்த்த மோல்டு பொருத்துவார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரு காதிலும் பேச்சு அலைவரிசையில் 60 டெசிபலுக்கு மேல் இழப்பு இருந்தால் சான்று உண்டு. அப்படியானால் கலெக்டர் ஆபீஸ் பக்கம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவச மெஷினுக்குக் கேட்கலாம். கடன் வாங்கும் முன் அங்கே போய்ப் பாருங்கள்.

மெஷின் கிடைத்த அன்றே நாள் முழுக்க மாட்டாதீர்கள். முதல் வாரம் வீட்டுக்குள் ஒன்றிரண்டு மணி நேரம், பிறகு திண்ணை, தோட்டம், சந்தைக்கூட்டம் கடைசியாக. பல வருஷம் கேட்காத கரண்டிச் சத்தமும் காற்றும் ஆரம்பத்தில் எரிச்சலூட்டும். மூளை பழக மாதக் கணக்காகும். மலையில் பனிமூட்டம் அதிகம், ஈரம் மெஷினுக்கு எதிரி. இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் வையுங்கள். பட்டன் பேட்டரி ஒரு வாரம், பத்து நாள்தான் வரும். தர்மபுரிக்கு இறங்கும்போதே நாலு அட்டை வாங்கிவிடுங்கள்.

பஸ்ஸில் அடைப்பது வேறு கதை. இறங்க இறங்க வெளிக்காற்றின் அழுத்தம் கூடும். மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் திறந்தால்தான் உள்ளே சமமாகும். எச்சில் விழுங்குவது, கொட்டாவி, வாயில் ஒரு மிட்டாய் போதும். சளி பிடித்திருந்தால் கொஞ்சம் சிரமப்படும். ஆனால், ஒரு காது திடீரென ஒரே நாளில் கேட்காமல் போனால் அதை மலைப்பாதை மேல் பழி போட்டு, ‘சந்தை நாளில் பார்க்கலாம்’ என்று காத்திருக்காதீர்கள். அது அவசரம். ஓரிரு நாளில் மருந்து தொடங்கினால் மீள வாய்ப்பு அதிகம். சீழ், தலைசுற்றல் இருந்தாலும் தாமதம் வேண்டாம்.

தம்பிக்கு இப்போதே சொல்ல வேண்டியது இருக்கிறது. 85 டெசிபல் இரைச்சலில் 8 மணி நேரம்தான் நிற்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான்! மீட்டர் தேவையில்லை: கை நீட்டும் தூரத்தில் நிற்பவனிடம் கத்த வேண்டியிருந்தால் ஆபத்து. பஞ்சை உருட்டிச் செருகுவது உதவாது. மருந்துக்கடையில் ஃபோம் அடைப்பான் மலிவாகவே கிடைக்கும். சுத்தமான விரலால் மெல்லிய திரிபோல் உருட்டி, மறுகையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலே இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் அழுத்தி வைக்க வேண்டும். சரியாகப் பொருந்தியிருந்தால் அவன் குரலே அவனுக்குப் பானைக்குள் பேசுவதுபோல் கேட்கும். அதன் மேல் காதுமூடியும் போட்டால் இன்னும் நல்லது. அடுத்த முறை ஊருக்கு வரும்போது அவனுக்கும் ஒரு ஆடியோகிராம் எடுத்து வையுங்கள்.