மரம் காய்ந்ததா என்று தராசைக் கேளுங்கள்

பலகை காய்ந்துவிட்டதா என்று விற்பவரிடம் கேட்காதீர்கள். தராசில் வைத்துப் பாருங்கள். வீட்டில் சின்னச் சின்ன மரச்சாமான் செய்து பரிசளிக்க ஆசைப்படுகிற எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். இழைப்புளி பிடிப்பதும் உளி தீட்டுவதும் கைப்பழக்கத்தில் வந்துவிடும். மரத்துக்குள் நிற்கும் ஈரம்தான் நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கும். என் மானம் சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் போனது.

சேர்வராயன் மலையில் உள்ள எங்கள் ஊரான வாழவந்தியில் மரத்துக்குப் பஞ்சமில்லை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். காப்பிக்கு நிழல் தர ஆஸ்திரேலிய மரமான சில்வர் ஓக் பின்னால் வந்து சேர்ந்தது. இன்று அதன் மேல்தான் மிளகுக்கொடி ஏறி நிற்கிறது. உங்கள் தோட்டத்திலும் காற்றுக்குச் சாய்ந்தது ஒன்றிரண்டு கிடக்கும். சாய்ந்த மரமானாலும் விசாரித்துவிட்டு ரம்பம் வையுங்கள். மலைப்பகுதி மரங்களுக்கென்று 1955-லேயே சட்டம் வந்துவிட்டது, தோதகத்திக்கு 1994-ல் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். சந்தனத்தின் பக்கமே போக வேண்டாம்.

தங்கை மகள் கல்யாணத்துக்கு மணைப்பலகை செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். எங்கள் மரம் பச்சை. நாள் இல்லை. அடிவாரத்தில் ஒரு மில்லில் 15 அங்குல அகலத்தில் சில்வர் ஓக் பலகை வாங்கினேன். “நல்லாக் காய்ஞ்ச சரக்கும்மா, கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க” என்றார் மில்காரர். தை மாதம், மூடுபனி விலகாத நாட்கள். இழைத்து, 80, 120, 220 என்று உப்புத்தாள் போட்டு, பாலிஷ் அடித்தேன். இதையெல்லாம் எல்லோரும் சொல்லிக் கொடுப்பார்கள், நான் விவரிக்கவில்லை. அடியில் குறுக்காக இரண்டு கட்டை. அதற்குப் பசையை முழுக்கத் தடவி ஸ்க்ரூவும் போடச் சொல்லி ஒரு வீடியோவில் காட்டினார்கள். அப்படியே செய்தேன்.

சித்திரையில் கல்யாணம். மலை மேலே, ஈரக்காற்றில் செய்த பலகை, சேலத்து வெயிலுக்கு இறங்கியது. முகூர்த்தத்தன்று காலையில் மணையை எடுத்து வைக்கிறார்கள், நடுவில் வெடித்திருக்கிறது. இழையோடு இழையாக நீளவாக்கில் ஓடிய விரிசல், ஒரு ரூபாய் நாணயம் செங்குத்தாக நிற்கும் அகலம். மேலே பாலிஷின் பழுப்பு, பிளவுக்குள்ளே அன்றைக்கு அறுத்தது போல வெளிறிய மரம்.

நாத்தனார் “அபசகுனம்” என்றார், எல்லோர் காதிலும் விழும்படி. கொழுந்தனார் “பொம்பளைக்கு எதுக்குங்க அண்ணி இந்த ஆசாரி வேலை, கடையில வாங்கினா முடிஞ்சுது” என்றார். மண்டபத்து மணையைப் போட்டுக் கல்யாணம் நடந்தது. மில்காரரிடம் போய்க் கேட்டதற்கு, நான் வெயிலில் வைத்திருப்பேனாம்.

சகுனம் ஒன்றுமில்லை, நடந்தது இதுதான். ஈரம் போகப் போக மரம் அகலத்தில் சுருங்கும், நீளத்தில் அனேகமாகச் சுருங்காது. சரியாகக் காயாத 15 அங்குலப் பலகை கால் அங்குலம்கூட உள்வாங்கும். குறுக்குக்கட்டையின் நீளமோ பலகையின் அகலவாக்கில் கிடக்கிறது, அது சுருங்க மறுக்கிறது. இரண்டையும் பசையால் ஒட்டிவிட்டால் பலகைக்கு வெடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

எங்கள் ஊர்ப் பக்கத்து வயசான ஆசாரி ஒருவர்தான் இதைப் புரியவைத்தார். அதே மில்லில் வாங்கி மிச்சமிருந்த பலகையில், முனையிலிருந்து ஒரு அடி உள்ளே தள்ளி ஒரு துண்டு அறுக்கச் சொன்னார். முனை சீக்கிரம் காய்ந்துவிடும், அதைப் பார்த்தால் ஏமாந்து போவோம். அந்தத் துண்டைச் சமையலறைத் தராசில் எடை போட்டு, கேக் சுடும் ஓவனில் 100 டிகிரி சூட்டில், எடை குறைவது நிற்கும் வரை வைக்க வேண்டும். 250 கிராம் துண்டு 200 கிராமில் நின்றால் 50 கிராம் தண்ணீர். காய்ந்த எடைக்குக் கணக்கிட்டால் 25 சதவீத ஈரம். வீட்டுச் சாமானுக்கு 12-க்குக் கீழே வர வேண்டும். மில்காரர் “காய்ஞ்ச சரக்கு” என்று விற்றது அதன் பக்கத்தில்கூட இல்லை.

காய வைப்பதும் காப்பிக் களத்தில் அல்ல. வெயில் மேல்பக்கத்தை மட்டும் உலர்த்திப் பலகையை முறுக்கிவிடும். நிழலில், காற்றோட்டமான இடத்தில், பலகைக்குப் பலகை ஒரே கனத்து ரீப்பர் வைத்து அடுக்குங்கள். முனைகளில் பழைய பெயின்ட் பூசுங்கள். ஒரு பலகையை வாராவாரம் எடை போட்டுக் குறித்து வாருங்கள், குறைவது நின்றால் எடுக்கலாம். சேலத்துக்குப் போகிற சாமானானால், இழைக்குமுன் பலகையைச் சில வாரம் சேலத்து வீட்டிலேயே போட்டு வையுங்கள்.

மணைக்குப் பசை வேண்டவே வேண்டாம். குறுக்குக்கட்டையில் நடுத்துளை மட்டும் வட்டம். ஓரத்துத் துளைகளைப் பலகையின் அகலவாக்கில் நீட்டித் துளையுங்கள், ஸ்க்ரூவின் தலைக்கு அடியில் வாஷர். பலகை சுருங்கினால் ஸ்க்ரூ அந்த நீளத்துளைக்குள் நகர்ந்து கொடுக்கும். சில்வர் ஓக் தூள் பட்டால் சிலருக்கு அரிப்பெடுக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

அவசரப் பரிசுக்குக் காப்பிக்கட்டை நல்லது. பிடுங்கிப் போட்ட பழைய செடியின் தண்டு கெட்டியானது, கிளைக்கவட்டையே சட்டை மாட்டும் கொக்கியாகிவிடும். அறுத்த இடத்தில் மாவு அடைத்த துளை தெரிந்தால் அது தண்டுத் துளைப்பான் பூச்சியின் வேலை, அடுப்பில் போட்டு எரித்துவிடுங்கள், வீட்டுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். காய் நறுக்கும் பலகைக்குப் பலா, மேலே தேன்மெழுகு. தேங்காயெண்ணெய் பூசினால் நாளாக நாளாகச் சிக்கு வாடை அடிக்கும்.

தங்கை மகளுக்கு வேறு மணை செய்து கொடுத்துவிட்டேன். இரண்டு கோடை கண்டும் மயிரிழை விரிசல் இல்லை. இப்போது நாத்தனாரே தன் பேத்தி கல்யாணத்துக்கு ஒன்று கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார். செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன், முகூர்த்த நாளைக் குறித்து மட்டும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. பலகை இன்னும் எடை குறைந்துகொண்டிருக்கிறது.