சொல் தேடும் மாப்பிள்ளைக்கு

அன்பு மாப்பிள்ளைக்கு,

கட்டுரைப் போட்டிக்குள் ஒரு தெசாரஸ் வாங்கிவிட வேண்டும், எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக வாங்கு. எதற்கென்று தெரிந்துகொண்டு வாங்கு.

சொல் தெரியும், பொருள் தெரியாது என்றால் அகராதியைப் புரட்டுகிறோம். பொருள் மனத்தில் இருக்கிறது, சொல்தான் வரமாட்டேன் என்கிறது என்றால் தெசாரஸ்.

ஆங்கிலத்தில் தெசாரஸ் என்றாலே ரோஜேதான். பீட்டர் மார்க் ரோஜே லண்டனில் பிறந்த மருத்துவர். 1805இல் மான்செஸ்டரில் இருந்தபோது, தன் எழுத்து வேலைக்கென்று ஒரு சொற்பட்டியல் எழுதி வைத்துக்கொண்டார். அது விரிந்து அச்சேறியது 1852இல். அப்போது அவருக்கு வயது 73! நடுவில் ராயல் சொசைட்டியின் செயலாளராக இருபது ஆண்டுக்கு மேல் உழைத்திருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகுதான் பழைய பட்டியலைக் கையில் எடுத்தார்.

அவர் சொற்களை அகரவரிசையில் அடுக்கவில்லை. உலகத்துக் கருத்துகளையெல்லாம் ஆறு பெரும் பிரிவாக்கி, அவற்றுக்குள் ஆயிரம் தலைப்புகள் வைத்தார். முதல் தலைப்பு 'இருப்பு'. அதற்கு எதிரே 'இன்மை'. ஒன்றைத் தேடிப் போனவன் அதன் எதிரியையும் பார்த்துவிட்டுத்தான் வருவான்.

இப்படிப் பொருள்வாரியாக அடுக்கும் ஏற்பாடு நம் பழைய சொற்பொருள் நூல்களான நிகண்டுகளில் பல நூறு ஆண்டுகள் முன்பே உண்டு. திவாகரம் என்ற நிகண்டில் பன்னிரண்டு தொகுதிகள். தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று போய், பண்பு, செயல், ஒலி வரை பத்துத் தொகுதிகளில் ஒரு பொருளுக்குரிய பல பெயர்கள். பதினொன்றாவதில் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்கள். கடைசியில் தொகைப் பெயர்கள். எல்லாம் செய்யுள், தேடிப் புரட்டுவதற்கு அல்ல, நெட்டுருப் போடுவதற்கு. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் நிகண்டு ஒப்பித்தது அதனால்தான். புரட்டிப் பார்க்கும் வசதி வந்தது 1732இல், வீரமாமுனிவர் சதுரகராதியில் சொற்களை அகரவரிசைப்படுத்தியபோது.

சரி, பயன்படுத்துவது எப்படி? 'பயம்' என்று எழுதுகிறாய், போதவில்லை. தேடினால் அச்சம், கிலி, திகில், பீதி, மிரட்சி, வெருட்சி என்று வரும். எல்லாம் ஒன்றல்ல. மாடு மிரளும், மாட்டுக்குப் பீதி வராது. பீதி ஊரையே பிடிப்பது, செய்தித்தாள்களுக்குப் பிரியமானது. கிலி வயிற்றைக் கலக்கும். திகில் இப்போது பெரும்பாலும் படங்களோடும் நாவல்களோடும் போய்விட்டது. தேர்வறைக்கு வெளியே நிற்கும் பையனுக்கு இருப்பது வெறும் பயம்தான். பட்டியல் முழுக்கப் பார்த்துவிட்டு முதலில் எழுதியதையே வைத்துக்கொண்டால் நேரம் வீணானதாக நினைக்காதே.

முன்பின் தெரியாத சொல்லை, கம்பீரமாக இருக்கிறதே என்று எடுத்துப் போட்டுவிடாதே. எந்தச் சொல் எதோடு சேரும் என்று தெசாரஸ் சொல்லாது. சந்தேகம் வந்தால் அகராதிக்குப் போய் உதாரண வாக்கியத்தைப் பார். நடுவர்களுக்கு இந்த ஒட்டுச் சொற்கள் உடனே தெரிந்துவிடும் என்பது வேறு விஷயம்.

நூலகர்களும் தெசாரஸ் என்றே ஒன்று வைத்திருக்கிறார்கள். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1960இல் வெளியிட்ட 'மெஷ்' அந்த வகை. ஒருவர் 'ஹார்ட் அட்டாக்' என்று தேடுவார், இன்னொருவர் 'மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்' என்பார். இருவரையும் அது ஒரே கட்டுரைகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். உனக்கு ஒரு கருத்திலிருந்து பல சொல் வேண்டும், அவர்களுக்குப் பல சொல்லிலிருந்து ஒரு கருத்து.

வாங்கும்போது ஒன்றைக் கவனி. அட்டையில் ரோஜே பெயர் இருந்தால் போதாது. அந்தப் பெயரில் அகரவரிசைப் புத்தகங்களும் விற்கின்றன. தலைப்புவாரியாக அடுக்கி, பின்னால் சொல்லடைவு சேர்த்ததாகப் பார்த்து எடு. பழைய புத்தகக் கடையில் கிடைத்தாலும் சரிதான், அடைவுப் பக்கங்கள் கிழியாமல் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்.

அன்புடன்,
மாமா